நோயாளியையும் உணவையும் ஒரே வரியில் சேர்க்கும் சேவை: என்.சி.பி.ஐ. பேத்தோஜன் டிடெக்ஷன்

அமெரிக்காவின் தேசிய உயிரித்தொழில்நுட்பத் தகவல் மையம் (என்.சி.பி.ஐ.) இணையத்தில் நடத்தும் பேத்தோஜன் டிடெக்ஷன் சேவையை, நுண்ணுயிரியல் கற்பிப்பவள் என்ற முறையில் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். கட்டணமும் இல்லை, உறுப்பினராகப் பதிவு செய்ய வேண்டியதும் இல்லை. நோயாளிகளிடமிருந்தும் உணவுப் பொருள்களிலிருந்தும் தொழிற்கூடங்களிலிருந்தும் பிரித்தெடுத்த கிருமிகளின் மரபணுத்தொகைகளைப் பல நாட்டு ஆய்வகங்கள் இங்கே சேர்க்கின்றன. தளம் அவற்றை ஒப்பிட்டு, நெருங்கிய உறவுடையவற்றைக் கொத்துகளாக்கிக் கிளைமரமாக வரைந்து காட்டுகிறது.

நான் இதை மதிப்பதற்கு முதற்காரணம், பட்டியலில் உள்ள ‘மின்-டிஃப்’ என்னும் ஒரு நெடுவரிசைதான். நோயாளியிடம் கிடைத்த கிருமிக்கும், உணவிலோ சுற்றுப்புறத்திலோ கிடைத்தவற்றுள் அதற்கு மிக நெருங்கியதற்கும் இடையே எத்தனை டி.என்.ஏ. எழுத்துகள் மாறியுள்ளன என்பதை அது ஓர் எண்ணாகச் சொல்கிறது. உணவு வழியே பரவும் லிஸ்டீரியா என்னும் பாக்டீரியாவின் மரபணுத்தொகையில் ஏறத்தாழ 29 லட்சம் எழுத்துகள் உள்ளன. அவற்றுள் நாலைந்து மட்டுமே மாறியிருந்தால், அந்த உணவை உடனே விசாரிக்க வேண்டும் என்பதற்கு அது வலுவான காரணம். உணவுவழி நோய்ப்பரவல்களைக் கண்டறியும் அமெரிக்க ஆய்வகங்களின் பல்ஸ்நெட் வலையமைப்பு 1996 முதல் நம்பியிருந்த, டி.என்.ஏ.வைத் துண்டாக்கிப் பட்டைகளை ஒப்பிடும் முறைக்கு இந்த நுண்மை கைகூடவில்லை. 2019இல் அவ்வமைப்பும் முழு மரபணு வாசிப்புக்கு மாறிவிட்டது.

வகுப்பில் நான் எடுத்துக்காட்டுவது, 2015இல் அமெரிக்காவின் புளூ பெல் நிறுவன ஐஸ்கிரீமோடு தொடர்புபடுத்தப்பட்ட லிஸ்டீரியா நோய். நான்கு மாநிலங்களில் 10 பேர் பாதிக்கப்பட்டனர். கான்சஸில் 3 பேர் இறந்தனர். நோய்ப்பட்டவர்களின் வரிசை 2010 வரை பின்னோக்கி நீண்டது. சேமித்து வைத்திருந்த பழைய கிருமிகளின் மரபணு ஒப்பீடு இல்லாமல் அவ்வளவு தூரம் உறுதியாகப் பின்செல்வது அரிது. கான்சஸைச் சேர்ந்த ஐவரும் வேறு நோய்க்காக ஒரே மருத்துவமனையில் சேர்ந்திருந்தவர்கள் என்பதைச் சொல்லும்போதெல்லாம் என் மனம் கனக்கிறது.

குறைகளும் சிறியவை அல்ல. 50 எழுத்து வேறுபாடு வரை சங்கிலியாக இணையக்கூடியவற்றைத் தளம் ஒரே கொத்தில் வைப்பதால், கொத்து முழுவதும் ஒரே நோய்ப்பரவல் என்று என் மாணவர்கள் பலர் முதலில் தவறாக எண்ணிவிடுகிறார்கள். இந்த எச்சரிக்கையைத் திரையிலேயே முன்னிறுத்தியிருக்க வேண்டும். நோயாளிகளின் இடமும் தேதியும் பெரும்பாலும் நாடு, ஆண்டு என்ற அளவோடு நின்றுவிடுகின்றன. அந்தரங்கம் காக்க அது தேவை என்பதை ஏற்கிறேன். ஆனால் உணவு மாதிரிக்கும் ‘உணவு’ என்று மட்டும் எழுதிவிடும் ஆய்வகங்களை என்னால் ஏற்க முடியவில்லை.

உணவு மாதிரி கைக்கு வராதவரை இத்தகைய எந்தத் தரவுத்தளமும் பாதி விடையையே தரும். தென்னாப்பிரிக்காவில் 2017, 2018 ஆண்டுகளில் 1,060 பேரைத் தாக்கிய லிஸ்டீரியாவில் பெரும்பகுதி எஸ்.டி.6 என்ற ஒரே வகை என்பதை மரபணு வாசிப்பு காட்டியிருந்தது. எனினும் சொவெட்டோவின் குழந்தைகள் காப்பகம் ஒன்றில் நோயுற்ற பிள்ளைகள் என்ன உண்டார்கள் என்று கேட்டு, அங்கிருந்த போலோனி என்னும் பதப்படுத்திய இறைச்சியைச் சோதித்த பிறகே, அதைத் தயாரித்த போலோக்வானே நகர ஆலைக்கு வழி தெரிந்தது. பேத்தோஜன் டிடெக்ஷனில் அமெரிக்க, பிரிட்டன் பதிவுகளே மிகுதி என்பதால், நம் நாட்டு நோயாளியின் கிருமியை இட்டுத் தேடுவோருக்கு ‘மின்-டிஃப்’ கட்டம் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும்.