ஒயினுக்குள் பிக்காசா: பதினோரு ஆண்டு அனுபவம்

எங்கள் பக்கத்தில் துஷ்டி வீட்டுக்கு முதலில் தேவைப்படுவது பந்தல் அல்ல, படம். இரவு இரண்டு மணிக்கு உயிர் பிரிந்தால் விடிவதற்குள் சுவரொட்டி அச்சாகி, தக்கலை பஸ் நிலையத்திலிருந்து ஊர் முக்கு வரை ஒட்டியாக வேண்டும். நேராகப் பார்க்கிற, கண் மூடாத, பக்கத்து ஆளின் தோள் நுழையாத ஒரு படத்தை அந்த நேரத்தில், அந்த அழுகைக்கு நடுவில், யார் தேடுவார்கள்? அதனால் எங்கள் சொந்தத்தில் டாக்டருக்கு அடுத்தபடியாக எனக்குத்தான் போன் வரும். கணினியைத் திறந்து இடது பக்கப் பட்டியலில் பெயரைத் தட்டுவேன். அவர் வந்துபோன கல்யாணம், வீடு பால்காய்ப்பு, கோயில் கொடை எல்லாவற்றிலிருந்தும் அவர் முகம் மட்டும் வரிசையாக வந்து நிற்கும். ஐந்து நிமிட வேலை.

இந்த வேலையைச் செய்து தருவது பிக்காசா. 2016 மார்ச்சில் கூகுள் நிறுத்திவிட்ட மென்பொருள் அது. விண்டோஸுக்கென்று எழுதப்பட்டது. என் வீட்டில் விண்டோஸ் கிடையாது. 2014 முதல் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம்; அதன்மேல், விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்ட உதவும் ஒயின் என்ற மென்பொருள்; அதற்குள்தான் பிக்காசா ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போது இதை எழுதக் காரணம் பக்கத்து வீட்டுக்காரர். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. அவருடைய கணினியோ விண்டோஸ் 11-ஐ ஏற்காத வயது. “டீச்சர், உங்களிடம் இருப்பது மாதிரியே எனக்கும் போட்டுத் தருவீர்களா?” என்று கேட்டார். ஒரு வரியில் ஆம், இல்லை என்று சொல்லிவிடக்கூடிய கேள்வி இல்லை இது.

கதை 2009-இல் தொடங்குகிறது. பிக்காசா 3.5 வந்து, முகங்களை இனங்கண்டு பெயரிடும் வசதியைக் கொண்டுவந்தது அந்த ஆண்டுதான். அப்பாவின் பழைய ஃபிலிம் நெகட்டிவ்களை ஸ்கேன் செய்துகொண்டிருந்தேன். குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. அலமாரிக்குள் இருப்பதெல்லாம் ஆண்டில் பாதி நாள் ஈரம் குடிக்கும். நெகட்டிவில் பூசணம் வலை பின்னத் தொடங்கியிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, சாப்பிட்டு முடித்து, தினமும் ஒரு மணி நேரம் முகங்களுக்குப் பெயர் எழுதுவேன். ஐந்து ஆண்டில் இருபத்திரண்டாயிரம் படங்கள், முந்நூற்று நாற்பது பெயர்கள். அதில் பாதிப் பேரை எனக்கே தெரியாது. அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, “இது யார், எந்த வீடு?” என்று கேட்டுக் கேட்டு எழுதியது. இன்று கேட்க அம்மா இல்லை. பிக்காசாவை நான் விடாமல் பிடித்திருப்பது ஏன் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். மென்பொருள்மேல் ஒன்றும் காதல் இல்லை.

2014 ஏப்ரல் 8-ஆம் தேதி விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு முடிந்தது. புதிய விண்டோஸைத் தாங்கும் வலு என் கணினிக்கு இல்லை. அண்ணன் மகளுக்குப் பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த மடிக்கணினியில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. அதை நோண்டிப் பழகியவள் அவள். “அத்தை, லினக்ஸ் போட்டுவிடலாம், பிக்காசாவை ஒயினில் ஓட்டிக்கொள்ளலாம்” என்றாள். நான் நம்பவில்லை. கூகுளே முன்பு அப்படித்தான் செய்தது என்று சொன்னாள். உண்மைதான். 2006-இல் லினக்ஸுக்கென்று வந்த பிக்காசா, விண்டோஸ் பதிப்பையே ஒயினோடு சேர்த்துக் கட்டிய பொட்டலம். 2012-இல் அதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் விண்டோஸ் பதிப்பை நாமாக ஒயினில் நிறுவிக்கொள்ள எந்தத் தடையும் இல்லை.

ஒயின் என்ன செய்கிறது என்று என் பக்கத்து வீட்டுக்காரருக்கு இப்படிச் சொன்னேன். இங்கே 1956-க்கு முந்தைய நிலப் பத்திரங்கள் பல மலையாளத்தில் இருக்கும். பத்திரம் எழுதுகிறவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, பார்க்கப் பார்க்கத் தமிழில் வாசித்துச் சொல்வார். பத்திரத்தை அவர் மாற்றி எழுதுவதில்லை. கேட்பவருக்கும் மலையாளம் தெரிய வேண்டியதில்லை. விண்டோஸ் நிரல் ஒவ்வொன்றாகக் கேட்பதை அப்படியே லினக்ஸுக்கு விளங்கும்படி சொல்வதுதான் ஒயினின் வேலை. கணினிக்குள் இன்னொரு கணினி இருப்பதாகப் பாவனை செய்வதில்லை. அதனால்தான் பழைய கணினியிலும் முகம் தேடும் வேகம் எக்ஸ்பியில் இருந்தது போலவே இருந்தது. 1993-இல் தொடங்கிய இந்தத் திட்டம் தன் 1.0 பதிப்பை வெளியிட்டது 2008-இல். பதினைந்து ஆண்டு பொறுமை. எனக்கு அந்த வேகம் பிடித்திருக்கிறது.

நிறுவுவது பெரிய காரியம் இல்லை. நிறுவிய பிறகு ஒரு மணி நேரம் செலவழித்தால் பின்னால் பத்து ஆண்டு நிம்மதி என்று சொல்லத்தக்க இடம் ஒன்று உண்டு: டிரைவ் எழுத்து. எக்ஸ்பியில் என் படங்கள் எல்லாம் டி டிரைவில் இருந்தன. பிக்காசாவின் தரவுத்தளம் ஒவ்வொரு படத்தையும் அந்த முழு முகவரியோடுதான் நினைவில் வைத்திருக்கும். லினக்ஸில் டி டிரைவ் என்று ஒன்று கிடையாது. ஆனால் ஒயினின் அமைப்புச் சாளரத்தில் ‘டிரைவ்கள்’ என்ற பகுதிக்குப் போய், படங்கள் இருக்கும் லினக்ஸ் அடைவை (ஃபோல்டரை) காட்டி, இதுதான் டி என்று சொல்லிவிடலாம். பழைய தரவுத்தளத்தையும் அதனதன் இடத்தில் நகலெடுத்து வைத்துவிட்டு பிக்காசாவைத் திறந்தேன். வீடு மாறியதே அதற்குத் தெரியவில்லை. முந்நூற்று நாற்பது பெயர்களும் இருந்தன.

அதே சாளரத்தில் இசட் என்று ஒரு டிரைவும் இருக்கும். அது லினக்ஸின் முழு வட்டு. அதை எடுக்காமல் விட்டால், எங்கே பார் என்று ஒரு தடவை தவறாகச் சொன்னாலும் போதும், லினக்ஸின் பொத்தான் படங்கள், சின்னங்கள் ஆயிரக்கணக்கில் உங்கள் பேத்தியின் பிறந்தநாளுக்கு நடுவே வந்து உட்கார்ந்துகொள்ளும். நான் பட்டது.

எது ஓடுகிறது, எது ஓடவில்லை? வெட்டுதல், நிமிர்த்துதல், வெளிச்சம் கூட்டுதல், கொலாஜ், அச்சிடுதல், முகம், தேடல் எல்லாம் ஓடுகின்றன. வீடியோ என் கணினியில் ஒருநாளும் ஓடியதில்லை. வரைபடம் வெள்ளையாக நிற்கும். கேமராவிலிருந்து நேராக இறக்க முயன்று விட்டுவிட்டேன். லினக்ஸின் கோப்பு மேலாளரில் நகலெடுத்தால் வேலை முடிந்தது. இணையத்தில் ஏற்றுவது எப்படியும் செத்துப்போன வசதி.

தமிழ் தனிக் கதை. முதலில் பெயர்கள் எல்லாம் கட்டம் கட்டமாக வந்தன. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை நிறுவியதும் பட்டியலில் சரியாகிவிட்டது. ஆனால் படத்தின்மேலேயே எழுத்து எழுதும் கருவியில் ‘பேச்சிப்பாறை’ என்று போட்டால் பகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நின்றது. எழுத்துருவை மாற்றினேன், ஒயின் பதிப்பை மாற்றினேன், கொம்பு மாறவில்லை. இப்போது எழுத்தெல்லாம் கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில்தான். பெயரைத் தமிழில் தட்டச்சு செய்வதும் சில நாள் முரண்டு பிடிக்கும். வேறொரு இடத்தில் அடித்து ஒட்டிவிடுவேன்.

முகம் தேடுவதில் பிக்காசாவுக்கு வஞ்சகம் இல்லை, கொஞ்சம் வெகுளித்தனம் உண்டு. எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் கன்னியாகுமரிக்கு அழைத்துப் போவோம். எல்லாப் படத்திலும் பின்னால் 133 அடி வள்ளுவர் நிற்பார். “இவர் யார்?” என்று அவர் முகத்தையும் வெட்டிக் கொண்டுவந்து கேட்டது. முதலில் புறக்கணித்தேன். விடவில்லை. கடைசியில் பெயர் எழுதிவிட்டேன். இன்று எங்கள் குடும்பத்தில் அதிகப் படங்களில் இருப்பவர்களில் வள்ளுவர் மூன்றாமிடம். என் கணவர் ஏழாமிடம்.

2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல். ரப்பரும் வாழையும் சாய்ந்து கிடந்ததையும், கடலுக்குப் போனவர்களுக்காகக் கரையோர ஊர்கள் காத்துக் கிடந்ததையும் இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு முன்னால் என் கணினியைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் இது அனுபவக் குறிப்பு. மின்சாரம் போனபோது பிக்காசா திறந்திருந்தது. யுபிஎஸ் பேட்டரியும் அன்றைக்கென்று பார்த்துக் கைவிட்டது. பத்து நாள் கழித்து விளக்கு எரிந்தபோது தரவுத்தளம் சிதைந்திருந்தது. திறந்தால் ஒரு படமும் இல்லை, ஒரு பெயரும் இல்லை.

அன்றுதான் பிக்காசாவை எழுதியவர்கள்மேல் மரியாதை வந்தது. அந்த மென்பொருள் தன் நினைவை ஒரே இடத்தில் குவித்து வைப்பதில்லை. ஒவ்வொரு அடைவிலும் ‘.பிக்காசா.ஐஎன்ஐ’ என்று ஒரு சிறு எழுத்துக் கோப்பு வைக்கிறது. எந்தப் படத்தை எவ்வளவு வெட்டினோம், எதற்கு நட்சத்திரம் இட்டோம், படத்தின் எந்தக் கட்டத்தில் யார் முகம் என்பதெல்லாம் அதில் இருக்கும். முகத்துக்கு எதிரே பெயர் இருக்காது, ஓர் அடையாள எண் இருக்கும்; எந்த எண் யார் என்பது தொடர்புகள் என்ற தனிக் கோப்பில். சிதைந்த தரவுத்தளத்தை அழித்தேன். தொடர்புகள் கோப்பைத் தொடவில்லை. அடைவுகளை மறுபடி காட்டினேன். மூன்று இரவு ஓடியது. நான்காம் நாள் காலை அம்மா சொன்ன பெயர்கள் எல்லாம் திரும்ப வந்திருந்தன.

புயல் கெடுக்காததை நானே கெடுத்ததும் உண்டு. லினக்ஸில் புள்ளியில் தொடங்கும் கோப்பு கண்ணுக்குத் தெரியாது. கண்ட்ரோலும் ஹெச்சும் சேர்த்து அழுத்தினால்தான் தெரியும். 2019-இல் புதிய வட்டுக்கு மாறும்போது, ஓர் அடைவுக்குள் போய்த் தெரிந்ததையெல்லாம் தேர்ந்தெடுத்து நகலெடுத்து, பழையதை அழித்தேன். படங்கள் வந்தன. ஐஎன்ஐ வரவில்லை. மைனி மகள் கல்யாணம், அறுநூறு முகம், பெயரெல்லாம் போயிற்று. கணக்கு டீச்சர் என்று பெயர். நகலெடுப்பதென்றால் அடைவை முழுதாக எடுங்கள். உள்ளே போய்ப் பொறுக்காதீர்கள்.

அதே 2019 ஜூனில்தான் பழைய 32-பிட் நிரல்கள் ஓடத் தேவையான பொதிகளை இனித் தருவதில்லை என்று உபுண்டு என்ற லினக்ஸ் வகையை வெளியிடுகிறவர்கள் அறிவித்தார்கள். பிக்காசா 32-பிட் நிரல். மின்ட் நிற்பதோ உபுண்டுவின்மேல். எதிர்ப்பு கிளம்பி, தேவையான பொதிகளைத் தொடர்ந்து தருவதாக அவர்கள் ஒப்புக்கொள்ளும் வரை எனக்குத் தூக்கம் சரியில்லை. இப்படி ஓடும் மென்பொருள் அடுத்தவர் வீட்டுத் திண்ணையில் குடியிருப்பது போல. விரட்டவில்லை என்பதால் உரிமை வந்துவிடாது.

இன்னொரு பக்கம், உலகம் அதைக் கேட்காமலேயே நகர்ந்துவிட்டது. 2017-இலிருந்து ஐபோன் படங்கள் ஹெய்க் வடிவில் வருகின்றன. 2016-இல் நின்றுபோன பிக்காசாவுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. துபாயில் இருக்கும் அண்ணன் மகன் நூறு படம் அனுப்பினால் அவற்றையெல்லாம் ஜேபெக் ஆக மாற்றிய பிறகே உள்ளே விட வேண்டும். வாட்ஸ்அப் படங்களில் எடுத்த தேதி அழிந்திருக்கும். கோப்பின் பெயரில் இருக்கும் தேதியை எக்ஸிஃப்டூல் என்ற கருவி கொண்டு படத்துக்குள் எழுதுகிறேன். இல்லாவிட்டால் ஓணமும் கிறிஸ்துமஸும் ஒரே நாளில் நடக்கும்.

ஆகவே வெளியேறும் வழியையும் பார்த்து வைத்திருக்கிறேன். பிக்காசாவின் கருவிகள் பட்டியலில், பரிசோதனை என்ற உட்பிரிவில், முகப் பெயர்களைப் படத்துக்குள்ளேயே எக்ஸ்எம்பி குறிப்பாக எழுதும் வசதி இருக்கிறது. அப்படி எழுதிவிட்டால் லினக்ஸிலேயே பிறந்த டிஜிகாம் என்ற படத்தொகுப்பு மென்பொருள் அதை வாசித்துக்கொள்ளும். மாதத்துக்கு ஓர் ஆண்டுப் படங்கள் என்று, முதலில் நகல் எடுத்து வைத்துவிட்டு எழுதி வருகிறேன். 2013 வரை முடிந்தது. டிஜிகாமில் பெயர்கள் வந்து நிற்கின்றன, வள்ளுவர் உட்பட. அது பிக்காசா அளவுக்குக் கைக்கு இதமாக இல்லை. பொத்தான்கள் அதிகம், எதைத் தொட்டாலும் ஆறு கேள்வி. ஆனால் அது சொந்த வீடு.

பக்கத்து வீட்டுக்காரருக்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். பிக்காசா போடவில்லை. காப்பாற்ற வேண்டிய பழைய பெயர் ஒன்றும் இல்லாதவருக்கு அது எதற்கு? நேராக டிஜிகாம். “உங்களிடம் இருப்பது இது இல்லையே டீச்சர்” என்று கொஞ்சம் முகம் வாடினார். போனில் கிடந்த பதினோராயிரம் படங்களை இறக்கி, சனிக்கிழமை மாலை இருவருமாக உட்கார்ந்து பெயரிட்டோம். பேரனுக்கு மட்டும் நானூற்றுப் பன்னிரண்டு முகம். அவருக்கு ஒன்பது. எல்லாமே பந்தியில் குனிந்து இலையைப் பார்ப்பவை. ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் ஏறுவதற்கு முன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எங்கள் திண்ணைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.