டிமென்ஷியா உள்ளவர் கையில் கார்வான் தமிழ்

மறதி நோய் உள்ள பெரியவர் தானே போட்டுப் பாட்டுக் கேட்க வேண்டுமென்றால், பேச்சால் இயக்கும் ஸ்மார்ட் ஸ்பீக்கரைவிட, பாட்டுகளை உள்ளேயே பதித்து வரும் ரேடியோ போன்ற பெட்டியான சரிகம கார்வான் தமிழ்தான் தோது. அலெக்சாவைக் கூப்பிடும் பெயர் நினைவிருக்க வேண்டும், சொன்ன கையோடு வாக்கியத்தையும் முடிக்க வேண்டும், அதுவும் தமிழில் அல்ல. அலெக்சா இயங்கும் எக்கோ டாட் ஸ்பீக்கரில் பேட்டரி கிடையாது. டெல்டாவில் ஐப்பசி மழைக்குக் கரண்ட் போனால் ஊமை. கார்வானுக்கு வைஃபை வேண்டாம். 5,000 பாட்டு உள்ளேயே இருக்கிறது, சார்ஜ் சுமார் 5 மணி நேரம் தாங்கும்.

இதன் பலம் அந்தப் பெரிய குமிழ். வால்வு ரேடியோ திருகிப் பழகிய கைக்கு அது புதுசில்லை. நேற்று நடந்தது நிற்காத மனதிலும் கைப்பழக்கம் வெகுநாள் தங்கும். பலவீனம், சின்னப் பொத்தான்கள். விரல் தவறி ப்ளூடூத்துக்குப் போனால் பாட்டு நின்றுவிடும், திரும்ப வழி தெரியாமல் பெட்டியையே வெறுத்துவிடுவார். ப்ளே பொத்தானுக்கு சிவப்பு நெயில் பாலிஷில் பொட்டு வைத்து, மற்றவற்றைக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் மூடுங்கள். ரிமோட் பீரோவுக்குள் போகட்டும். டிவி ரிமோட்டோடு குழம்பும். திரையின் எழுத்து சிறிசு, அதை நம்ப வேண்டாம்.

கற்றுக்கொடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். "ஞாபகம் இருக்கா?" என்று சோதிக்கக் கூடாது. ஊகித்துத் தப்பாகச் செய்தால் அந்தத் தப்பே பழகிவிடும். "பாட்டு வேணும்னா சிவப்புப் பொட்டை அமுக்கணும்" என்று சொல்லி, அவர் விரலாலேயே அமுக்க வையுங்கள். உடனே "பாட்டு வேணும்னா என்ன செய்யணும்?" என்று கேளுங்கள். சரியாகச் செய்தால் 30 வினாடி கழித்து, பிறகு 1, 2, 4, 8 நிமிடம் என்று இடைவெளியை இரட்டிப்பாக்கிக் கேளுங்கள். தடுமாறினால் யோசிக்க விடாமல் விடையைச் சொல்லி, செய்யவைத்து, கடைசியாகச் சரியாக வந்த இடைவெளிக்குத் திரும்புங்கள். அது நிலைத்த பிறகே குமிழைத் திருகக் கற்றுக்கொடுங்கள். மகன் "அமுக்கு", மருமகள் "தட்டு", பேரன் "ஆன் பண்ணு" என்றால் மூன்று பாடமாகிவிடும். வீடு முழுக்க ஒரே சொல் வேண்டும். பெட்டிக்கும் ஒரே இடம். பொங்கலுக்கு வெள்ளையடித்தாலும் அதே இடத்துக்கு வந்துவிட வேண்டும்.

சார்ஜ் போடுவது வீட்டார் வேலை, இரவில். எஃப்எம்மில் நாகை, திருவாரூர்ப் பக்கம் காரைக்கால் வானொலி 100.3, தஞ்சைக்கு மேற்கே திருச்சி 102.1. ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்டு வளர்ந்தவருக்குப் பென் டிரைவில் நாதஸ்வரம் ஏற்றித் தரலாம். ஆனால் அந்த மோடுக்கு நீங்கள்தான் மாற்ற வேண்டும். பொழுது சாயும்போது பதற்றம் கூடுபவருக்கு சோகப் பாட்டைத் தவிருங்கள்.

விலை குறைவென்று கார்வான் மினி வாங்காதீர்கள். குமிழ் கிடையாது, பாட்டும் சொற்பம். வாங்குமுன் அவரையே கடைக்குக் கூட்டிப்போய்த் திருகச் சொல்லுங்கள். எதிரில் நீங்கள் திருகிக் காட்டிய பிறகும் கை அந்த அசைவுக்கு வராவிட்டால் இந்தப் பெட்டி உதவாது. பாட்டை நீங்களே போட்டுவிடுங்கள், அதற்குச் சாதாரண ரேடியோவே போதும்.