நார்கோலெப்சி இருந்தால் வண்டி ஓட்டுவதை நிறுத்துவதா, வரம்போடு ஓட்டுவதா?

நார்கோலெப்சி, அதாவது பகலிலும் அடக்க முடியாமல் தூக்கம் வரும் நோய், என்று உறுதியானதும் நமக்கு முன்னால் இரண்டு வழிகள்தான். சாவியை ஒரேயடியாக வைத்துவிடுவது, அல்லது சிகிச்சை எடுத்துக்கொண்டு ஒரு வரம்புக்குள் ஓட்டுவது. முன்போலவே ஓட்டுவதை நான் ஒரு வழியாகவே எண்ணவில்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் 3 நொடி கண் சொக்கினால், வண்டி 50 மீட்டர் போய்விடும்.

நிறுத்திவிட்டால் நிம்மதி உண்டு. பேருந்தில் தூங்கினால் இறங்கும் இடம் தவறும், அவ்வளவுதான். ஆனால் வேலை, பிள்ளைகளின் பள்ளி, இரவில் ஓர் அவசரம் என்று ஒவ்வொன்றுக்கும் இன்னொருவரை எதிர்பார்க்க வேண்டும். அந்த இழப்பு சின்னதில்லை.

வரம்போடு ஓட்டுவதில் சிக்கல் வேறு. மொடாஃபினில் போன்ற மருந்துகள் தூக்கத்தைக் குறைக்கும். பலருக்கு முழுதாகப் போக்காது. 15, 20 நிமிடக் குட்டித் தூக்கம் கொஞ்ச நேரத்துக்குத் தெளிவு தரும். ஆகவே தூங்கி எழுந்த பின் பகலில் சிறு தூரம் என்பது சிலருக்குச் சரிப்படும். ஆனால் வருடக்கணக்காகத் தூக்கக் கலக்கத்தில் வாழ்ந்தவருக்கு அந்தக் கலக்கமே இயல்பாகத் தோன்றும். பாதி வழி எப்படி வந்தோம் என்றே நினைவில்லாமல் ஓட்டியவர்கள் உண்டு. கை பழக்கத்தில் ஓட்டியிருக்கும், மூளை விழித்திருக்காது. ஜன்னலைத் திறப்பதும் பாட்டு வைப்பதும் இதற்கு மருந்தாகாது.

அதனால் 'இப்போது எப்படி இருக்கிறது?' என்று நம்மையே கேட்டு முடிவெடுப்பதை நான் நம்புவதில்லை. மங்கிய வெளிச்சத்தில் சும்மா உட்கார்ந்து 40 நிமிடம் விழித்திருக்க முடிகிறதா என்று பார்க்கும் ஆய்வகச் சோதனை இருக்கிறது. அதில் தேறினால் சாலையில் தூங்கமாட்டோம் என்று அர்த்தமில்லை. ஆனால் அதில் சீக்கிரமே தூங்கிவிட்டால் ஓட்டவே கூடாது. வீட்டில் ஒருவர் 'இன்று வேண்டாம்' என்றால், வாதாடாமல் சாவியைக் கொடுத்துவிட வேண்டும்.

கேட்டப்ளெக்ஸியும் சேர்ந்திருந்தால் கதையே வேறு. சிரித்தாலோ திடுக்கிட்டாலோ கழுத்தும் முழங்காலும் தளரும், நினைவு மட்டும் இருக்கும். அது அடங்காதவரை வரம்போடும் ஓட்டக்கூடாது. இருசக்கர வண்டியைத் தொடவே கூடாது.

உரிமம் தரும் துறைக்குத் தெரிவிக்க வேண்டுமா என்பதையும் மருத்துவரிடம் கேளுங்கள். பல நாடுகளில் அது கட்டாயம். மருந்தின் அளவு மாறும் வாரங்களில் சாவி வீட்டிலேயே இருக்கட்டும். அப்புறம் மருத்துவரோடு பேசி, புதிதாக முடிவெடுக்கலாம்.