மடிசாருக்கு ஒரு கஜம் குறைவு: டர்பன் வெயிலில் பைப்பர் உடுப்பு, விலையும் தரமும்

மடிசாருக்கு ஒன்பது கஜம். பைப்பர் உடுத்தும் ஸ்காட்லாந்துக் கொசுவப் பாவாடையான கில்ட்டுக்கு முறைப்படி எட்டு. ஆனால் எட்டு கஜ கில்ட் என்றால் கடையில் எட்டு கஜம் அளந்து வாங்க வேண்டியதில்லை. ஆலையிலிருந்து வரும் டார்ட்டன் எனும் கட்டம் போட்ட துணி ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் அகலம். அதில் நாலு கஜம், அதாவது 3.7 மீட்டர் போதும். நீளவாக்கில் நடுவே வெட்டி, இரண்டு துண்டையும் ஒரு கொசுவத்துக்குள் இணைப்பு தெரியாதபடி சேர்த்தால் எட்டு கஜம் ஆகிவிடும். இது தெரியாமல் இரட்டிப்புத் துணி வாங்கியவர்கள் உண்டு.

தென்னாப்பிரிக்காவின் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் பைப் பேண்டில் (ஸ்காட்லாந்துப் பை-குழலும் டிரம்மும் வாசிக்கும் குழு) சேரும் நம் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் கில்ட் மூன்று வழியில் கிடைக்கிறது. ஸ்காட்லாந்தில் கையால் தைத்த முழுக் கம்பளிக் கில்ட் ஏறத்தாழ 500 முதல் 800 பிரிட்டிஷ் பவுன். பாலியஸ்டரும் விஸ்கோஸும் கலந்த துணியில் இயந்திரத் தையலில் வருவது அதில் பாதிக்கும் கீழே. பாகிஸ்தானின் சியால்கோட்டில் அக்ரிலிக் துணியில் தைத்தது 30 முதல் 60 பவுனுக்கே கிடைக்கும். கைப்பேசிப் படத்தில் மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும். விலை வித்தியாசம் முழுவதும் கில்ட்டின் உள்பக்கத்தில் இருக்கிறது; அதனால் வாங்குமுன் புரட்டிப் பார்க்க வேண்டும், முடியாவிட்டால் உள்பக்கப் படம் கேட்டு வாங்க வேண்டும்.

முதலில் கொசுவத்தின் ஆழம். ஒரு கொசுவத்தை விரித்து உள்ளே எவ்வளவு துணி மடிந்திருக்கிறது என்று அளந்து பாருங்கள். எட்டு கஜ கில்ட்டில் வெளியே ஒரு அங்குலமோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ தெரியும் கொசுவத்துக்குள் மூன்று நான்கு அங்குலம் ஒளிந்திருக்கும். நடக்கும்போது பின்பக்கம் விசிறிபோல் ஆடித் திரும்ப அதே இடத்தில் வந்து விழுவது இந்த ஆழத்தால்தான். ஐந்து கஜத்தில் முடித்தவற்றில் ஆழம் ஒன்றிரண்டு அங்குலமே. நாலு தடவை உட்கார்ந்து எழுந்தால் கொசுவம் வாய் பிளந்துவிடும்.

அடுத்தது கீழ் ஓரம். நல்ல கில்ட்டுக்குக் கீழே மடித்துத் தைத்த ஓரமே இருக்காது. கில்ட்டுக்கென நெய்யும் துணியின் கரை பிசிறாது, அதுவே அடி விளிம்பாகத் தொங்கும். மலிவுக் கில்ட்டில் வெட்டுத் துணியை மடித்து அடித்திருப்பார்கள். ஒவ்வொரு கொசுவத்திலும் அந்தத் தடிப்பு சேர்ந்து, அடிப்பாகம் குடைபோல் விரிந்து நிற்கும். எவ்வளவு இஸ்திரி போட்டாலும் அடங்காது.

மூன்றாவது, கண்ணுக்கே தெரியாதது. இடுப்பிலிருந்து பிட்டம் வரை கொசுவங்களைத் தைத்து இறுக்கியிருக்கும் பகுதியில்தான் முழு இழுவையும் விழுகிறது. தேர்ந்த தையற்காரர் அங்கே உபரித் துணியை வெட்டி எடுத்து, கொசுவங்களின் முதுகைக் குறுக்கே ஒரு தையலால் கட்டி, மேலே கேன்வாஸ் வைத்து, அதன்மேல் பருத்தி லைனிங் போடுவார். வாரை இறுக்கும்போது பாரத்தைக் கேன்வாஸ் தாங்கும், கொசுவத் தையல் தாங்காது. மலிவில் கேன்வாஸ் இல்லை, லைனிங் மட்டும். ஓரிரு சீசனில் வலப்பக்க வாருக்கு அருகே கொசுவங்கள் இழுபட்டுக் கோணும். இதைப் பிறகு சரிசெய்ய வேண்டுமானால் முழுக்கப் பிரித்துத்தான் தைக்க வேண்டும். அந்தக் கூலிக்கு இன்னொன்றே வாங்கிவிடலாம்.

துணியில் சந்தேகம் இருந்தால் முன்புற விளிம்புக் குஞ்சத்திலிருந்து ஒரு இழையை எடுத்துக் கொளுத்துங்கள். கம்பளி மயிர் கருகும் வாடையோடு எரிந்து, சாம்பல் விரலில் பொடியும். அக்ரிலிக்கும் பாலியஸ்டரும் உருகிக் கடினமான மணியாக நிற்கும். ‘அக்ரிலிக் கம்பளி’ என்ற பெயரில் விற்பதில் பல இந்தச் சோதனையில் கம்பளி வாடையே காட்டாது.

இனி எடை. டார்ட்டன் துணியை முழு அகலத்தில் ஒரு கஜத்துக்கு இத்தனை அவுன்ஸ் என்று சொல்வார்கள். 16 அவுன்ஸ் துணி நாலு கஜம் 1.8 கிலோ, 13 அவுன்ஸ் என்றால் ஒன்றரை கிலோவுக்குச் சற்றுக் கீழே, 11 அவுன்ஸ் 1.25 கிலோ. லைனிங், வார், பக்கிள் தனி. தைப்பூசக் காலத்து டர்பன் புழுக்கத்தில் 16 அவுன்ஸைச் சுற்றிக்கொண்டு அணிவகுக்கச் சொல்வது கொடுமை என்று தோன்றும். ஆனாலும் 10, 11 அவுன்ஸை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். கடற்காற்றில் அது பறக்கும், கொசுவ முனை நிற்காது. கால் பக்கம் எப்படியும் காற்றோட்டம் உண்டு. புழுங்குவது இடுப்பைச் சுற்றியுள்ள அடுக்குகளில், அங்கே துணி எடையைவிட லைனிங்தான் விஷயம். பருத்தி லைனிங் கேளுங்கள், பாலியஸ்டர் லைனிங் வேண்டாம். கடலோரத்துக்கு 13 அவுன்ஸ் சரியான நடு. உள்நாட்டில் நடக்கும் ஹைலேண்ட் போட்டிகளுக்கு (ஸ்காட்லாந்து முறை இசை, விளையாட்டுப் போட்டிகள்) ஆண்டுதோறும் போகிற பேண்டுகள் 16 எடுத்தால் குற்றமில்லை, மேட்டு நிலத்துக் குளிர் அதை நியாயப்படுத்தும்.

வளரும் பிள்ளைக்குக் கம்பளி வாங்காதீர்கள். அடியில் மடிப்பு இல்லாததால் கில்ட்டை நீட்ட முடியாது. பக்கிளை நகர்த்தி இடுப்பில் ஓர் அங்குலம் தளர்த்தலாம், அவ்வளவுதான். பாலி-விஸ்கோஸ் போதும், வீட்டு மெஷினில் குளிர்ந்த நீரில் துவைக்கவும் முடியும். இரண்டு ஆண்டில் அடுத்த பிள்ளைக்குக் கைமாற்றிவிடலாம்.

அளவு எடுப்பதில்தான் அதிகப் பணம் வீணாகிறது. கில்ட்டின் இடுப்பு தொப்புள் மட்டத்தில். கால்சட்டை நிற்கும் இடத்தில் இல்லை. கால்சட்டை லேபிளில் உள்ள எண்ணை எழுதி அனுப்பினால் கில்ட் பெரும்பாலும் சிறிதாகவே வந்து சேரும். இடுப்பை இறுக்கிப் பிடித்து அளக்கவும், பிட்டத்தின் மிக அகன்ற இடத்தைத் தளர்வாக அளக்கவும். நீளம் தொப்புளிலிருந்து முழங்கால் சில்லின் மேல் விளிம்பு வரை. வந்ததும் மண்டியிட்டுப் பாருங்கள்: அடி விளிம்பு தரையைத் தொட்டும் தொடாமலும், அதிகபட்சம் ஓர் அங்குலம் மேலேயும் நின்றால் சரி. தரையில் புரண்டால் நீளம் அதிகம்.

சுங்கக் கணக்கைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தென்னாப்பிரிக்காவில் ஆயத்த உடைக்குப் பொதுச் சுங்கம் 45 சதவீதம். அதன்மேல் 15 சதவீத வாட். வாட் போடும்போது பொருளின் மதிப்போடு பத்து சதவீதம் சேர்த்து, சுங்கத்தையும் கூட்டிய பிறகே கணக்கிடுவார்கள். பிரிட்டிஷ் கடை 600 பவுன் என்று போட்டிருந்தால் அதில் அவர்கள் ஊர் 20 சதவீத வாட் அடங்கியிருக்கும். ஏற்றுமதிக்கு அது கிடையாது, கழித்தால் 500. கழிக்காத கடையிடம் கேட்டு வாங்குங்கள். ஒரு பவுன் 23 ராண்ட் என்று வைத்துக்கொண்டால் 11,500 ராண்ட். சுங்கம் 5,175. வாட் 2,674. ஆக 19,349 ராண்ட், கூரியரும் அவர்கள் கையாளும் கட்டணமும் தனி. துணி நெய்தது, தைத்தது எல்லாம் பிரிட்டனில் என்றால் வர்த்தக ஒப்பந்தப்படி சுங்கம் குறையும். அதற்கு இன்வாய்ஸில் உற்பத்தி நாட்டு உறுதிமொழி அச்சிட்டு வர வேண்டும். பொட்டலம் வந்தபின் அலைவதைவிட முன்கூட்டியே கேட்டு வாங்குவது நல்லது. 50 பவுன் சியால்கோட் கில்ட்டுக்கும் இதே கணக்கு போட்டால் ஏறக்குறைய 1,935 ராண்ட் வரும். பத்தில் ஒரு பங்கு. ஆனால் அந்தப் பத்தாவது பங்கை மூன்றாண்டுக்கொரு முறை கொடுக்க நேரும், நல்ல கம்பளிக் கில்ட் இருபதாண்டு நிற்கும்.

துணி மட்டும் தருவித்து இங்கேயே தைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: பழைய கிரே ஸ்ட்ரீட், இப்போதைய டாக்டர் யூசுப் தாதூ தெருப் பக்கம் கை நேர்த்தியான தையற்காரர்களுக்குக் குறைவில்லை. பட்டுப்பாவாடைக் கொசுவம் அவர்களுக்கு அத்துப்படி. சிக்கல் துணியின் கட்டங்களில்தான். கில்ட்டில் ஒவ்வொரு கொசுவமும் டார்ட்டனின் குறிப்பிட்ட கோட்டிலேயே மடிய வேண்டும்: ஒன்று, பின்னாலும் முன்போலவே முழுக் கட்டம் தெரியும்படி, அல்லது ராணுவ முறையில், ஒரே கோடு எல்லாக் கொசுவத்திலும் வரிசையாக வரும்படி. அதோடு இடுப்பை நோக்கி ஒவ்வொரு கொசுவமும் சற்றுச் சுருங்க வேண்டும். பிரித்துப் பார்க்க ஒரு பழைய கில்ட்டைக் கையில் கொடுத்தால் தேர்ந்தவர் பிடித்துக்கொள்வார். படத்தை மட்டும் காட்டித் தைக்கச் சொன்னால் பாவாடைதான் வரும்.

பைப் பேண்ட் முழுவதற்கும் சேர்த்து வாங்கும்போது டார்ட்டனின் பெயர் மட்டும் போதாது. ஒரே டார்ட்டன் மாடர்ன், ஏன்ஷன்ட், வெதர்ட் என்று பல சாயத்தில் வரும். ஒரே பெயர் ஒரே சாயமானாலும் வேறு ஆலை, வேறு நெசவு என்றால் வரிசையில் நிற்கும்போது வெயிலில் நிறம் பேதம் காட்டும். மொத்தத்தையும் ஒரே தடவையில் எடுத்து, இரண்டு கில்ட்டுக்கான துணியைக் கூடுதலாக வாங்கி வையுங்கள். கேப்டவுன் ஹைலேண்டர்ஸ் படைப்பிரிவு அணிந்த கார்டன் டார்ட்டன் போன்றவை ஆலைகளில் கையிருப்பில் இருப்பவை. கையிருப்பில் இல்லாததைத் தனியாக நெய்யச் சொன்னால் குறைந்தபட்ச அளவும் கூடுதல் விலையும் உண்டு.

காலுக்கு வருவோம். இங்கே மிச்சம் பிடிக்காதீர்கள். மலிவு கில்லி பிரோக் ஷூவின் அடி ஒட்டியது, தைத்ததல்ல. வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் ஒரு நாள் கிடந்தால் பசை இளகி, அணிவகுப்பு நடுவே அடி வாய் பிளக்கும். தைத்த அடியும் ரப்பர் குதியும் தார் ரோட்டுக்கு ஏற்றவை. ஹோஸ் என்கிற நீளக் காலுறையில் கம்பளியோடு நைலான் கலந்தது நல்லது. மேல் மடிப்பு முழங்காலுக்கு மூன்று விரல் கீழே நிற்க வேண்டும். சரிந்தால் குற்றம் பெரும்பாலும் உள்ளே கட்டும் எலாஸ்டிக்கில்தான், உறையில் இல்லை. வெள்ளை நன்றாக இருக்கும், ஆனால் இரண்டாம் அணிவகுப்பில் மஞ்சள்.

கில்ட்டின் முன்னால் தொங்கும் பையான ஸ்போரனுக்கு தினசரித் தோல் பையே போதும். சங்கிலி முழுவதும் உலோகமாக இருந்தால் பின்பக்கக் கொசுவத்தைத் தேய்த்து அரிக்கும். பின்னால் தோல் வார், முன்னால் மட்டும் குட்டிச் சங்கிலி என்று கேளுங்கள். குதிரைமயிர் ஸ்போரனில் நைலான் மயிர் கலந்தது மினுமினுப்பில் காட்டிக் கொடுக்கும். ஸ்நேர் டிரம் அடிப்பவர் எப்படியும் அதைப் பக்கவாட்டில் தள்ளிவிடுவார், அவருக்கு விலை கூடியது வீண். கோயில் வாசலில் வாசிக்கக் கூப்பிட்டால் தோலைப் பற்றி முன்கூட்டியே நிர்வாகத்திடம் பேசிவிடுவது நல்லது. துணி பெல்ட்டோடு, ஸ்போரன் இல்லாமல் நிற்பதில் யாருக்கும் நஷ்டமில்லை.

கிளெங்காரித் தொப்பி கம்பளியாக இருக்கட்டும். மலிவு ஃபெல்ட் மழையில் சாயம் விட்டு நெற்றியில் நீலக்கோடு போடும். சட்டை, கறுப்பு வெஸ்ட்கோட், டை எல்லாம் உள்ளூரிலேயே தைக்கலாம்.

முழு அலங்காரம், அதாவது டபிளெட் எனும் மேல்சட்டை, தோளில் போடும் பிளெய்ட், ஷூவின் மேல் மாட்டும் ஸ்பாட்ஸ், இறகுத் தொப்பி, புதிதாகத் தொடங்கும் பேண்டுக்குத் தேவையே இல்லை. பெரும்பாலான படைப்பிரிவுகளில் பைப்பர்கள் கிளெங்காரிதான் அணிந்தார்கள். பிளாக் வாட்ச் போன்ற சில படைப்பிரிவுகளுக்கே இறகுத் தொப்பி. அந்த இறகு தீக்கோழி இறகு. ஊட்ஷூர்ன் பக்கம் வளர்கிற பறவையின் இறகுதான், ஆனால் தொப்பியாகும்போது விலை நம் கைக்கு எட்டாது, டர்பன் ஈரப்பதத்தில் இறகு தொய்ந்தும் போகும். ஒருவேளை வாங்கியே ஆக வேண்டும் என்றால் ஜரிகை பேட்ஜையும் பிளெய்ட் புரூச்சையும் தயங்காமல் சியால்கோட்டில் எடுக்கலாம். கம்பிச் சரிகை வேலை அந்த ஊரின் கைத்தொழில். ஸ்காட்லாந்துக் கடைகள் விற்பதிலும் பல அங்கிருந்து வருபவைதான். முலாம் மட்டும் வியர்வையில் உரியும், ஒவ்வொரு முறையும் துடைத்து வைக்கவும்.

எல்லாவற்றையும்விட விலைக்குத் தகுந்த தரம் பழைய கில்ட்டில்தான் கிடைக்கிறது. கலைந்துபோன பேண்டுகளின் உடுப்பு அவ்வப்போது விற்பனைக்கு வரும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து அந்துப்பூச்சி ஓட்டையைத் தேடுங்கள், குறிப்பாகக் கொசுவங்களுக்கு உள்ளே. வார்த் தோலை வளைத்துப் பாருங்கள், வெடித்தால் மாற்றச் சொற்பச் செலவு. முன்புற அகலம் உங்கள் உடலுக்குப் பொருந்தாவிட்டால் விட்டுவிடுங்கள், அதைக் கூட்ட வழியில்லை. வாங்கியதும் டிரை கிளீனுக்குக் கொடுக்குமுன் கொசுவங்களை அடியில் பெரிய தையலால் கோத்துவிட்டு அனுப்புங்கள், இல்லாவிட்டால் அவர்கள் தங்கள் இஷ்டத்துக்கு மடித்து அழுத்திவிடுவார்கள். பெட்டியில் வைக்கும்போது வியர்வை முழுக்க உலர்ந்திருக்க வேண்டும். வேப்பிலை போடுவதானால் நிழலில் சருகாகக் காய்ந்ததைத் துணி முடிச்சில் கட்டிப் போடுங்கள். பச்சையாகப் போட்டால் கம்பளியில் கறை பிடிக்கும், பூஞ்சையும் கூடவே வரும்.