கிறிட்டா, பிளெக்ஸ்பொக்ஸா: பனங்கட்டிக்குட்டானைக் கேளுங்கோ

இணையப் பக்கத்தை அடுக்க சிஎஸ்எஸ்ஸில் இரண்டு வழி: நிரலும் வரியுமாகக் கட்டம் போடுகிற கிறிட், பொருளை வரிசையாக அடுக்குகிற பிளெக்ஸ்பொக்ஸ். கிறிட் நல்லதா, பிளெக்ஸ்பொக்ஸ் நல்லதா என்று கேட்கிற ஆட்கள் முதலில் 'பனங்கட்டிக்குட்டான்' (ஓலைக் குட்டானில் வருகிற பனங்கட்டி) என்று ஒரு கார்ட்டில், அதாவது ஒரு பொருளைக் காட்டுகிற பெட்டியில், எழுதிப் பார்க்கவேணும்.

யாழ்ப்பாணத்துப் பனம்பொருள் கடையொன்றின் இணையப் பக்கம் என்று வையுங்கோ. போன் அகலம் 360 பிக்சல், கிறிட்டில் இரண்டு நிரல், இரண்டுக்கும் 1எஃப்ஆர் (மிச்ச இடத்தில் ஒரு பங்கு). ஓரங்களுக்கு 16 படி, நடுவில் 12 விட்டால் நிரலுக்கு 158. கார்ட்டுக்குள்ளும் பக்கத்துக்கு 12 போனால் எழுத்துக்கு மிஞ்சுவது 134. பனாட்டு, ஒடியல் எல்லாம் சுகமாக இருக்கும். தடித்த 18 பிக்சல் எழுத்தில் பனங்கட்டிக்குட்டான் அடங்காது. அந்த நிரல் வீங்கும், பக்கத்துப் பனாட்டு நசியும்.

1எஃப்ஆர் என்றால் சரிபங்கு என்று நம்புவதுதான் பிழை. அது உண்மையில் மின்மேக்ஸ்(ஓட்டோ, 1எஃப்ஆர்), அதாவது கீழெல்லை ஓட்டோ, மேலெல்லை 1எஃப்ஆர். உள்ளே இருக்கிற நீளமான சொல்லுக்குக் கீழே அந்த ஓட்டோ இறங்காது. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால் இது கண்ணில் படுவது அருமை.

மின்மேக்ஸ்(0, 1எஃப்ஆர்) என்று எழுதினால் நிரல் நேராகும், ஆனால் சொல் கார்ட்டுக்கு வெளியே தலை நீட்டும். அடங்காத சொல்லை உடைக்கிற ஓவர்ஃபுளோ-ராப்: பிரேக்-வேர்ட் போட்டால் கடைசி 'ன்' மட்டும் தனியாக அடுத்த வரியில் விழக்கூடும். வேர்ட்-பிரேக்: பிரேக்-ஓல் பக்கமே போகாதேங்கோ, அது முழுசாக அடுத்த வரிக்குப் போகக்கூடிய சொல்லையும் வெட்டும். ஒழுங்கான வழி, 'பனங்கட்டிக்' முடிகிற இடத்தில் ஒரு டபிள்யூபிஆர் குறி, தேவைப்பட்டால் இங்கே உடைக்கலாம் என்று சொல்கிற குறி. அதைப் பக்கத்தின் வார்ப்பான டெம்பிளேட்டில் போடுங்கோ. தரவுத்தளத்துப் பெயருக்குள் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி எழுத்தைச் செருகினால் பிறகு தேடலில் பொருள் அகப்படாது.

பிளெக்ஸ்பொக்ஸிலும் இதே வியாதிதான். பெயரும் விலையும் ஒரு வரியில் வந்தால் பெயருக்கு மின்-விட்த்: 0 (சொல்லின் நீளத்துக்குக் கீழும் சுருங்கலாம்), விலைக்கு ஃபிளெக்ஸ்-ஷ்ரிங்க்: 0 (சுருங்கக்கூடாது) கொடுக்கவேணும். ஐந்து பொருளை வரிக்கு இரண்டாக ராப் பண்ணி (அடுத்த வரிக்கு மடித்து) ஃபிளெக்ஸ்-குரோ 1 (மிச்ச இடத்துக்கு விரி) கொடுத்தால் ஐந்தாவது வரி முழுக்கக் கால் நீட்டிப் படுக்கும். கிறிட்டில் அது தன் நிரலிலேயே அடக்கமாக நிற்கும். வெளிக் கிறிட்டின் வரிகளைக் கார்ட்டுக்குள்ளும் பகிர்கிற சப்கிறிட் வந்தபிறகு பெயர் இரண்டு வரி போனாலும் பக்கத்துக் கார்ட்டின் விலையும் சேர்ந்து இறங்குகிறது, பார்க்கவே ஆசையாக இருக்கும். குறோமில் அது 2023இல் வந்த 117ஆம் பதிப்பிலிருந்துதான். பழைய போனுக்கு, கார்ட்டை மேலிருந்து கீழாக அடுக்குகிற பிளெக்ஸ்பொக்ஸாக்கி, விலையைக் கீழே தள்ள மார்ஜின்-டொப்: ஓட்டோ போட்டால் போதும்.

ஐந்தாவது கார்ட்டும் சப்கிறிட்டும் கிறிட்டின் பக்கம்தான். ஆனாலும் இன்றைக்குக் கேட்டால் பிளெக்ஸ்பொக்ஸ் என்றுதான் சொல்லலாம். அதுவும் வீங்கும், ஆனால் சரிபங்கு தருவன் என்று சொல்லிப்போட்டு வீங்காது.