பாதத் தொய்வுக்கான பிளாஸ்டிக் அணை: எட்டு மாத அனுபவம்

மூளை, தண்டுவட நரம்புகளைப் பாதிக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயுடன் வாழ்வோரில் பாதிக்கும் மேற்பட்டோர் ஆறு மாதங்களுக்குள் ஒரு முறையேனும் விழுகிறார்கள் என்று ஆய்வுகள் கூறுவதை, என் மனைவி ஒரே மாதத்தில் 3 முறை விழுந்த பிறகே நான் ஊன்றிப் படித்தேன். வலது பாதத்தின் முன்பகுதியைத் தூக்க முடியாமல் கால்விரல் வாசற்படியில் தட்டுவதுதான் காரணம் என்று கண்டறிந்த பிசியோதெரபிஸ்ட், பாதம் தொங்காமல் தாங்கிப் பிடிக்கும் ஏ.எஃப்.ஓ. என்ற அணையைப் பரிந்துரைத்தார். காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு அச்செடுத்து, அளவு பிசகாமல் செய்து தந்தார்கள்.

ஷூவுடன் அணியும்போது குறை சொல்ல இடமில்லை. கால் தட்டுவது அறவே நின்றது. ஆனால் நம் வீடுகளுக்குள் யார் செருப்பணிந்து நடக்கிறார்கள்? டைல்ஸ் தரையில் அணையின் வழவழப்பான அடிப்பாகம் சறுக்கி, நான்காவது முறையும் விழுந்தார். கடையில் இதை யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை என்பது என் வருத்தம். வீட்டுக்கென்றே ஒரு ஜோடி கான்வாஸ் ஷூ, அணை நுழையும்படி ஓர் அளவு பெரிதாக, வாங்கிய பிறகுதான் நிலைமை சீரானது.

உடல் சூடேறினால் இந்நோயில் கால்கள் மேலும் தளரும் என்பதால், வியர்த்துக் கொட்டும் நண்பகலில் அவர் இதைக் கழற்றிவிட்டு ஓய்வெடுக்கிறார். உணர்வு மரத்த காலில் உராய்வு தெரியாது. ஆகவே, கழற்றியதும் கணுக்கால் எலும்பின் மேல் தோல் சிவந்திருக்கிறதா என்று நான்தான் பார்க்கிறேன்.