கழுத்துப்பட்டை, சாவிக்கொத்து, நம்பிக்கையான நாலு பேர்: நெல்லையிலிருந்து ஓர் அனுபவம்

நானும் கணவரும் பாளையங்கோட்டைப் பக்கம் குடியிருக்கிறோம். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருக்கும் வேளைகளில் அவர் நாய்க்குட்டியாகிவிடுவார்; நான் அவரை வளர்ப்பவள். பெட் பிளே என்று சொல்லப்படும் இந்த விளையாட்டைப் பல ஆண்டுகளாக ஆடி வருகிறோம். நிஜ விலங்குக்கு இதில் இடமே இல்லை. வயது வந்த இருவர் முன்கூட்டியே பேசி, மனமொத்து ஏற்கிற வேடம், அவ்வளவுதான். இதே ஆசையை வைத்துக்கொண்டு யாரிடம் கேட்பது என்று தெரியாமல் தென்மாவட்டங்களில் இருப்பவர்கள் உண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

பொருட்களில் முதலில் கவனிக்க வேண்டியது முட்டி. எங்கள் வீட்டில் மொசைக் தரை. நாலு காலில் கொஞ்ச நேரம் நடந்தாலே முட்டி சிவந்துவிடும். பத்தமடைப் பாயை விரித்துப் பார்த்தோம். அது தரையில் வழுக்கியது, கோரையின் வரி வரியாகத் தோலில் தடம் விழுந்தது. பிறகு வாலிபால் ஆடுபவர்கள் போடும் முட்டி உறையை விளையாட்டுப் பொருள் கடையில் வாங்கினோம். யாரும் ஒரு கேள்வியும் கேட்காத பொருள். இன்றுவரை அதுதான் உழைக்கிறது.

கழுத்துப்பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். கயிற்றைப் பட்டையில் மாட்டி இழுக்கவே கூடாது. குரல்வளையும் ரத்தக்குழாயும் இருக்கும் இடம் அது. மார்பில் குறுக்காகக் கட்டும் வாரில்தான் நாங்கள் கயிற்றை மாட்டுகிறோம். முதலில் வாங்கிய தோல் பட்டை ஐப்பசி மழையில் பூஞ்சை பூத்துவிட்டதால் நைலானுக்கு மாறினோம். நியோப்ரீன் என்னும் ரப்பர் போன்ற பொருளில் செய்த நாய் முகமூடியை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். சித்திரை வெயிலில் அதைப் போட்டால் தலை கிறுகிறுத்துவிடும். துணிப்பட்டையில் இரண்டு காதுகளை நானே தைத்துக் கொடுத்தேன், அது போதும்.

இனி பேச்சு. சாதாரண நாளில் அவரை நான் 'நீங்கள்' என்றுதான் சொல்வேன். பட்டை கழுத்தில் ஏறியதும் 'வா மணி' என்பேன். அவருடைய தோள் அப்படியே தளர்வதைக் கண்ணால் பார்க்கலாம். நாள் முழுக்கப் பத்துப் பேருக்குப் பதில் சொல்கிற மனிதர் அவர். 'என்னங்க' என்று நான் அழைத்துவிட்டால் அந்த நொடியே ஆட்டம் முடிந்தது. அவர் நிறுத்த நினைத்தால் 'சிவப்பு' என்பார். வேகத்தைக் குறைக்க 'மஞ்சள்'. வாயில் பந்து இருக்கும்போது பேச முடியாது அல்லவா? அதற்காகக் கையில் ஒரு சாவிக்கொத்து. அது தரையில் விழுந்து சத்தம் கேட்டால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலில் பந்தை எடுப்பேன். முடிந்த பிறகு மோர் கொடுத்து, முட்டியில் எண்ணெய் தேய்த்துவிட்டு, அவர் தானாகப் பேசும்வரை பக்கத்திலேயே இருப்பேன். இந்த நேரத்தைச் சுருக்கினால் மறுநாள் அவர் காரணமில்லாமல் சோர்ந்துபோகிறார்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு மனிதனை நாயே என்று அழைப்பது இந்த மண்ணில் லேசான சொல் அல்ல. சாதியின் பேரால் எத்தனையோ பேர் மேல் வீசப்பட்ட வசை அது. எங்கள் ஆட்டத்தில் வசை கிடையாது, கொஞ்சல் மட்டும்தான். அவமதிப்பில் இன்பம் காண்பவர்கள் தங்களுக்குள் ஒத்துக்கொண்டு ஆடுவது அவர்கள் பாடு. ஆனால் சாதிச் சொல்லை விளையாட்டுக்குள் கொண்டுவர எந்தச் சம்மதமும் போதாது என்பதே என் தீர்மானம்.

இது ஏதோ நோயாக இருக்குமோ என்று கணவர் வெகுகாலம் மருகினார். மனநல மருத்துவர் ஒருவரிடம் போனோம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி-11, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது, மனமொத்த பெரியவர்களின் இத்தகைய விருப்பங்களை நோய் என்ற கணக்கிலிருந்து எடுத்துவிட்டது என்று அவர் விளக்கினார். சம்மதமில்லாதவரை உட்படுத்தினாலோ, ஆசையே ஒருவரை வதைத்தாலோதான் சிகிச்சை பற்றிப் பேச வேண்டும் என்றார். அன்று வண்ணார்பேட்டையிலிருந்து வீடு வரும்வரை கணவர் என் கையை விடவில்லை.

எல்லாவற்றையும்விடக் கடினம், நம்மைப் போன்றவர்களைக் கண்டுபிடிப்பது. சென்னையிலும் பெங்களூரிலும் கூட்டம் பெரிது. முகம் தெரியாமல் கலந்துவிடலாம். இங்கே பேச்சு தொடங்கிய இரண்டாவது நிமிடத்தில் 'எந்த ஊர், எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை' என்று வந்துவிடும். தெருவைச் சொன்னால் சாதியும் தெரியும், மாமா யார் என்பதும் தெரியும். இத்தகைய விருப்பம் உள்ளவர்களுக்காகக் கனடாவில் 2008-ல் தொடங்கிய ஃபெட்லைஃப் என்ற சமூக வலைத்தளத்தில் கணக்கு வைத்தோம். ஊர்ப் பெயருக்குப் பதில் 'தமிழ்நாடு' என்று மட்டும் போட்டோம், முகப் படம் வைக்கவில்லை. வந்த செய்திகளில் பெரும்பாலானவை முதல் வரியிலேயே படம் கேட்டன. ஒருவர் எங்கள் பெயரைத் தெரிந்துகொண்டதும் பணம் கேட்டு மிரட்டினார். உரையாடலைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, ஒரு ரூபாயும் கொடுக்காமல் தேசிய சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைத்தோம். அதன்பின் அவரிடமிருந்து சத்தமில்லை.

கடைசியில் வழி திறந்தது மதுரையில். மஞ்ச் என்கிற சந்திப்பு: உணவகத்தில் சாதாரண உடையில் உட்கார்ந்து காபி குடித்துப் பேசுவது. விளையாட்டு எதுவும் அங்கே நடக்காது. அங்கே பழகியவர்களில் திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கத்தவர்கள் சேர்ந்து ஒரு சிறு வட்டமானோம். தெருப் பெயர் கேட்பதில்லை. ஆண்கள் எல்லாரும் அண்ணாச்சி, பெண்கள் எல்லாரும் அக்கா. உண்மைப் பெயர் தெரியாமலே ஆண்டுக்கணக்கில் பழகியிருக்கிறோம். போன் பைக்குள்ளேயே இருக்க வேண்டும். அந்தரங்கப் படத்தைச் சம்மதமின்றி எடுத்தாலோ பரப்பினாலோ தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு என்பதையும் புதியவரிடம் முதலிலேயே சொல்லிவிடுவோம். வெளியில் தற்செயலாக எதிர்ப்பட்டால் அறிமுகம் காட்டிக்கொள்வதில்லை. ஒருமுறை ரதவீதியில் மாமியாரோடு போகும்போது வட்டத்து அக்கா ஒருவர் எதிரே வந்தார். கடையைப் பார்ப்பதுபோல் திரும்பி, எங்களைக் கடந்து போனார். அவர் மேல் எனக்கு அன்று வந்த மரியாதை குறையவே இல்லை.

ஒருவரை நம்பலாமா என்று பார்க்க நான் வைத்திருக்கும் வழி, சிறியதாக ஒன்றை மறுத்துப் பார்ப்பது. 'இந்த வாரம் சந்திக்க முடியாது' என்பேன். சரி அக்கா என்று விட்டுவிடுகிறவரோடு பேச்சைத் தொடர்வேன். ஏன், எதற்கு என்று நச்சரிப்பவரோடு அத்தோடு முடிந்தது. வட்டத்துக்குள் வர ஏற்கெனவே இருக்கும் இருவர் பொறுப்பேற்க வேண்டும். தனியாக வரும் பெண்ணிடம் முதலில் பேசுவது நாங்கள் பெண்கள்தான். எந்த ஊரில், எந்த நாளில் சந்திப்பது என்பதை அவர்தான் சொல்லுவார்.